இடைவேளையோடு எழுந்து வந்த படங்கள்

கட்டிலை விட்டு இறங்காமல் இதைப் படிக்கப்போகும் என் மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். நான் 'இன்னா' என்று சொன்னால் அவள் 'என்ன' என்று எழுதுகிறாள். 'கீது' என்றால் 'இருக்கிறது' என்கிறாள். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டால், "லெட்டர்னா லெட்டர் மாதிரி இருக்கணும்யா, நீ கடல்ல நின்னு கத்தற மாதிரியா எயுதறது?" என்கிறாள். செங்கல்பட்டில் எட்டாவது வரை படித்தவள், அவளோடு வாதாட என்னால் ஆகாது. போனிலேயே பேசிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ வேகத்தைக் கூட்டி ஓட்டிக் கேட்கிறாய் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். "நீங்க பேசறது கார்ட்டூன் எலி பேசற மாதிரி கேக்குது மாமா" என்று சிரிப்பு வேறு. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. வரிக்கு வரி படித்துத்தான் ஆகவேண்டும். உனக்கும் இப்போது அவசரமாகப் போக ஓர் இடமும் இல்லை.

அதுதான் உனக்குப் பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து, விசில் ஊதி ஊரையே ஓடவைத்தவளை, குழந்தை பிறக்கிற வரைக்கும் படுத்தே இரு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். கேளம்பாக்கத்து நாலாவது மாடியில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் கிடப்பாய். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போனதும் ஹாலுக்கும் சமையலறைக்கும் நீ நடை போடுவது எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதே. கீழ்வீட்டுக்கார அம்மாவுக்கு உன் காலடிச் சத்தம் கேட்கிறதாம், அவர்கள் உன் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். போன வருஷம் ஒன்று தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதச் சொல்ல மாட்டேன். இந்த முறை தங்க வேண்டும். அதற்கு நீ படுத்திருக்க வேண்டும், படுத்திருக்க உனக்குப் பொழுது போகவேண்டும். அந்தப் பொழுதுபோக்கு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதமாக உன் அம்மாவும் நானும் அந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, உனக்காகப் படம் பார்த்துச் சலித்துக்கொண்டிருக்கிறோம். சலிக்கிறது என்றால் சல்லடையில் சலிக்கிற சலிப்பு. வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே, நன்றாகத்தான் பொழுது போகிறது.

போன வாரம் நீ போன் போட்டு அழுத அழுகைக்குப் பிறகுதான் இதைக் கடிதமாகவே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். சின்ன வயதில் நான் சொன்ன படக்கதைகளில் ஒன்றை நீயாகவே இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறாய். படம் முடிந்த கையோடு எனக்குப் போன். "இன்னா நைனா இது! அந்த அண்ணங்காரன் செத்துப் பூட்டான்! நீ இன்னா சொன்னே? கல்யாணம் கட்டிகினு கடை வெச்சான்னு சொன்னே! முப்பது வருசமா அவன் கடை வெச்சிகினு நல்லா கீறான்னு நான் நெனச்சிகினு இருந்தேன்!" என்று ஒரே அழுகை. நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை போனை வாங்கி, "மாமா, இனிமே நீங்க எந்தப் படத்தையும் இவளுக்குச் சொல்லாதீங்க" என்றார். பாவம், அவரும் பயந்துவிட்டார். அவருக்கு இதன் பின்கதை தெரியாது. உனக்கே முழுதாகத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வாலிபத்தில் மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. விளக்கு வைத்த பிறகு முதல் ஆட்டம். நானும் என்னோடு தொழிலுக்கு வரும் கூட்டாளி ஏழுமலையும் கரையோரமாகவே நடந்து போய் முதல் ஆளாக மணலில் உட்கார்ந்துவிடுவோம். ஆனால் கட்டுமரம் தள்ளுகிறவனுக்கு ராத்திரி என்பது சின்னது. ஊர் தூங்கும்போதே எழுந்து கடலில் இறங்க வேண்டும். அதனால் இடைவேளைக்கு விளக்கு போட்டதும், மற்றவர்கள் முறுக்கு வாங்க எழுந்திருப்பார்கள், நாங்கள் வீட்டுக்கு எழுந்திருப்போம். அந்தக் காலத்தில் நான் பார்த்த படம் அத்தனையும் பாதிப் படம்தான். கதாநாயகனை வில்லன் கட்டிப்போடுவான், தங்கையின் கல்யாணம் நின்றுபோகும், வீடு ஏலத்துக்கு வரும், அந்த இடத்தில் எங்களுக்குப் படம் முடிந்துவிடும். மீதியை நாங்கள் கடலில் முடித்துக்கொள்வோம். வலையை விட்டுவிட்டுப் பொழுது வெளுக்கிற வரைக்கும் காத்திருக்கிற நேரத்தில் ஏழுமலை ஒரு முடிவு சொல்வான், நான் ஒரு முடிவு சொல்வேன். சண்டை பெரிதாகிக் கட்டுமரமே ஆடும். கடைசியில் அதற்கு ஒரு சட்டம் போட்டோம். வலை இழுக்கும்போது யார் கைப்பக்கம் முதல் மீன் வருகிறதோ, அவன் சொன்னதுதான் படத்தின் முடிவு. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. இரண்டாம் பாதியைப் பார்த்தவன் எவனாவது வந்து வேறு மாதிரி சொன்னாலும் நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

ஏழுமலைக்குப் பெண்பிள்ளை இல்லை, எனக்குத்தான் நீ. அதனால் அந்த முடிவுகள் எல்லாம் உனக்கு வந்து சேர்ந்தன. சோறு ஊட்டும்போது ஒரு படம், காய்ச்சல் வந்தால் இரண்டு படம். யாரையும் நான் சாகவிட்டதில்லை. நாலாவது படிக்கும்போது உன்கூடப் படித்த ஒருத்தி, "அந்தப் படத்துல அம்மா செத்துடுவாங்கடி" என்று சொல்ல, நீ அவளைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டு, "சாவல, சாவல, எங்க நைனா சொல்லிச்சு" என்று கத்தியிருக்கிறாய். டீச்சர் ஆள் அனுப்பினார்கள். உன் அம்மாதான் போனாள். டீச்சர் கேட்டதற்கு, "எங்க வூட்ல படம் அப்பிடித்தாம்மா முடியும், இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில் உனக்குக் குச்சி ஐஸ் வாங்கிக்கொடுத்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த அம்மா நிஜமாகவே செத்துப்போகிறாள் என்று உன் அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். அவள் அப்பா செங்கல்பட்டுச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். கடலுக்குப் போகாத வீடு. அவர்கள் எல்லாப் படத்தையும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்கள். என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் சொல்லும் முடிவுகளைக் கேட்டுக்கொண்டு வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள். இதைச் சொல்லும்போதும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறாள் பார்.

சரி, வேலைக்கு வருகிறேன். போன முறை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, நீ உள்ளே ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில் நான் டாக்டரம்மாவிடம் கேட்டுவைத்தேன். "படம் பாக்கலாமாம்மா?" "தாராளமா பாக்கட்டும் பெரியவரே." "சிரிக்கலாமா?" "சிரிக்கட்டும், யாரு வேணாம்னா?" "வயிறு குலுங்கவா?" அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "குலுங்கட்டும்." "அழுதா?" "கொஞ்சம் அழுதா ஒண்ணும் ஆகாது. எந்திரிச்சு ஓடக்கூடாது, அவ்வளவுதான்." நான் விடவில்லை. "எந்திரிச்சு ஓடற மாதிரி படம் எதும்மா?" என்று கேட்டேன். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்று நர்ஸ் என்னை நகர்த்திவிட்டாள்.

அதனால் அதை நாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்கும்போது என்னை அறியாமல் நான் எழுந்துவிட்டால் அந்தப் படம் உனக்குக் கிடையாது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே காவல். "எந்திரிச்சிட்டே. இது வேணாம்" என்பாள். "முட்டி பிடிச்சுகிச்சுடி, அதான் எந்திரிச்சேன்" என்றாலும் கேட்க மாட்டாள். இந்தக் கணக்கில் கபடிப் படம் எல்லாம் அடிபட்டுப்போயிற்று. கிரிக்கெட் மேட்ச் அடிபட்டது. ஒரு ஊமைப் பெண் ஓட்டப்பந்தயத்துக்குப் பழகுகிற படம் மிகவும் நன்றாக இருந்தது, ஆனால் கடைசி ஓட்டத்தில் நான் எழுந்தது மட்டுமில்லை, உன் அம்மாவும் பூண்டைக் கொட்டிவிட்டு எழுந்துவிட்டாள். நீ அதைப் பார்த்தால் நாலாவது மாடியிலிருந்து இறங்கி ஓ.எம்.ஆர். ரோட்டில் ஓடுவாய். அது பிள்ளை பிறந்த பிறகு.

முதலில் நீ பார்க்கவேண்டியது பறவை வீடியோ. நம் வேடந்தாங்கலிலேயே யாரோ ஒரு புண்ணியவான் ஏரிக்கு நடுவில் இருக்கிற மரத்தைப் பார்த்துக் கேமராவை வைத்துவிட்டு, ஒரு நாரைக் குடும்பத்தை முட்டையிலிருந்து குஞ்சு பறக்கிற வரைக்கும் எடுத்துப் போட்டிருக்கிறார். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, பறவைச் சத்தம்தான். சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறார், ஒரு நாளைக்கு ஒன்று பார். வெயில் ஏறினால் தாய்ப் பறவை இறக்கையை விரித்துக் குடை பிடிக்கிறது. ஆண் வெளியே போய்ச் சுள்ளி சுள்ளியாகக் கொண்டுவந்து கொடுக்கிறது. கூடுதான் கட்டி முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உன் அம்மாதான், "அதுக்கு வேற இன்னா செய்யறதுன்னு தெர்ல, பதட்டம். உங்க மாப்ள தெனம் ஒரு தலகாணி வாங்கினு வர்றாரே, அத மாதிரி" என்றாள். அது முதல் அந்த ஆண் நாரைக்கு எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றே பெயர். நீ அவரிடம் சொல்லிவிடாதே. இன்னொன்றும் அதில் தெரிந்துகொண்டேன். முட்டைமேல் ஒன்றே உட்கார்ந்திருப்பதில்லை, இரண்டும் மாறி மாறி உட்காருகின்றன. இது மட்டும் உனக்கு வாய்க்கவில்லை. அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது கண்ணு.

அடுத்தது பனிக்கடலில் மீன் பிடிக்கிற வீடியோ. எந்த நாடு என்று தெரியவில்லை. கடல் உறைந்து தரையாகக் கிடக்கிறது, அதன்மேல் ஒரு கிழவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிணறு மாதிரி ஓட்டை போட்டுத் தூண்டிலை விடுகிறான். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரே ஒரு மீன் வருகிறது. அதைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறான் பார், அதற்காகவே பார்க்கலாம். ஏழுமலை அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். "மச்சான், இவன் இம்மாந் நேரம் குந்திகினு கீறானே, ஐசு உருகினா இன்னா பண்ணுவான்?" என்று படம் முடிகிற வரைக்கும் அதே கவலை. எழுந்து போகும்போதும் டிவியைத் திரும்பிப் பார்த்து, "டேய் பெருசு, வூட்டுக்குப் போடா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். படுத்திருப்பது போரடிக்கும்போது இதைப் போட்டுக்கொள். உன்னைவிடச் சும்மா இருக்கிற ஓர் ஆளைப் பார்ப்பது மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

அறிவுக்கு நல்லதும் வேண்டும் என்றால் நெம்மேலித் தண்ணீர் ஆலை வீடியோவைப் பார். கடல் தண்ணீரை எப்படிக் குடிதண்ணீர் ஆக்குகிறார்கள் என்று படம் வரைந்து, குழந்தைக்குச் சொல்வது போல் ஒருவர் விளக்கியிருக்கிறார். நம் வீட்டிலிருந்து அந்த ஆலையின் விளக்கைத் தினமும் பார்க்கிறேன், உள்ளே என்னதான் நடக்கிறது என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நான் துணி போட்டு வடிகட்டுகிற மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். அவ்வளவு சுலபமில்லை, தண்ணீரைப் போட்டு நெருக்கு நெருக்கு என்று நெருக்கி, உப்பு நுழையமுடியாத ஒரு சல்லடை வழியாகத் தள்ளுகிறார்கள். இதை ஏழுமலையிடம் சொன்னேன். "அப்போ நாம கால் கழுவின தண்ணியத்தான் மெட்ராசுல காபி போட்டுக் குடிச்சினு கீறாங்கன்னு சொல்லு" என்றான். அவனுக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

கடலுக்கு அடியில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றையும் பார். வாழ்நாள் முழுக்கக் கடலுக்கு மேலே இருந்தவன் நான், அடியில் இவ்வளவு நிறம் இருக்கிறது என்று டிவியில்தான் பார்த்தேன். மீன் கண்ணுக்குப் படகு எப்படித் தெரியும் என்று ஒரு படத்தில் காட்டினார்கள். ஒரு கறுப்பு நிழல் மெதுவாக வந்து வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு மீன் குழம்பு, இருந்தாலும் சாப்பிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பேய்க்கணவாய் முட்டைகளுக்குக் காவல் இருக்கிற படம் ஒன்று உண்டு. எட்டுக் காலோடு ஒரு பொந்தில் உட்கார்ந்திருக்கும், பார்க்க அழகாக இருக்கும். அதைப் பார்க்காதே. ஏன் என்று கேட்காதே. உன் பிள்ளைக்கு ஒரு வயது ஆனபிறகு பார். இப்போதே தேடிப்பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால்தான் இதை நடுவில் ஒளித்துச் சொல்கிறேன், ஆனால் உன் அம்மா அடிக்கோடு போட்டுவிட்டாள்.

மற்ற மொழிப் படங்களையும் விடாதே. படிக்கத் தெரியாத எனக்கு எந்த மொழிப் படம் என்றாலும் ஒன்றுதான், கீழே தமிழில் எழுத்து ஓடினாலும் ஓடாவிட்டாலும். முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வேன். உன் அம்மா எழுத்தைப் படிப்பாள். ஒரு படத்தில் ஆற்றங்கரையில் ஒரு கிழவனும் கிழவியும் ஓடம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது பார்த்தாலும் சண்டை, ஒரே குழம்பில் உப்பில்லை என்று இரண்டு பேரும் கத்துகிறார்கள். அண்ணன் தங்கை என்று நான் தீர்மானம் பண்ணி, அதற்கேற்ற மாதிரி கதையை ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் புருஷன் பெண்டாட்டி. "அது மொதல் சீன்லயே எயுதி இருந்துதே" என்றாள் உன் அம்மா. "அப்பறம் ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "நீ உன் கதையில நல்லாப் போய்கினு இருந்தே, இன்னாத்துக்குக் கெடுக்கணும்?" என்றாள். அந்தப் படத்தில் சிரிப்பும் இருக்கிறது, ஓடம் மெதுவாகத்தான் போகிறது, யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. பாஸ் செய்துவிட்டோம். மாப்பிள்ளையோடு சேர்ந்து பார்.

பார்க்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். போனைத் திறந்ததும் எவனாவது 'நண்பர்களே' என்று ஆரம்பித்து, பிள்ளைத்தாய்ச்சி இதைத் தின்றால் ஆண், அதைத் தின்றால் பெண், வயிறு இப்படி இருந்தால் ஆபத்து என்று பேசினால் அந்தக் கணமே அணைத்துவிடு. அப்படி ஒருவனை நம்பி உன் அம்மா உனக்கு ஏதோ கஷாயம் போட இருந்தாள். நான்தான் டாக்டரம்மாவைக் கேட்காமல் எதுவும் கிடையாது என்று நிறுத்தினேன். இதை எழுத மாட்டேன் என்று அவள் பேனாவை மூடிவிட்டாள். நான் டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னபிறகுதான் எழுதினாள். இன்னொன்று, மீன் குழம்பு வீடியோக்கள். ஒருவர் நல்ல வஞ்சிரத்தை வெட்டி, மஞ்சள் போட்டு ஒரு முறை, உப்பு போட்டு ஒரு முறை, எலுமிச்சை போட்டு ஒரு முறை என்று கழுவிக்கொண்டே இருக்கிறார். கழுவி முடிக்கும்போது மீனில் மீனே இல்லை. அதைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும், எழுந்து உட்கார்ந்து கமெண்ட் போடுவாய். வேண்டாம்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். ரயில் படம்.

உனக்கு நான் அதிகமுறை சொன்ன கதை அதுதான், நீ மறந்திருக்க மாட்டாய். ஓர் ஏழைத் தாய் சின்னப் பெண் குழந்தையோடு ரயிலில் போகிறாள். குழந்தை தண்ணீர் கேட்கிறது. ஒரு ஸ்டேஷனில் செம்பை எடுத்துக்கொண்டு தாய் இறங்கிக் குழாயில் பிடிக்கிறாள். திரும்பிப் பார்த்தால் ரயில் நகர்கிறது. செம்போடு பிளாட்பாரத்தின் கடைசிவரைக்கும் ஓடுகிறாள். ஜன்னலில் குழந்தை முகம். அங்கே விளக்கு போட்டுவிட்டான், இடைவேளை. அன்றைக்கும் நானும் ஏழுமலையும் எழுந்து வந்துவிட்டோம். கடலில் வலையை விட்டதும் முடிவு சொல்ல ஆரம்பித்தோம். "அந்தப் பொண்ணு பெரிசாகி இன்ஸ்பெக்டரா வந்து ஆத்தாவக் கண்டுபுடிக்கும்" என்றான் அவன். இருபது வருஷம் அந்தத் தாயைக் காக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. ரயில் ஓட்டுகிறவன் சாப்பாட்டுக் கேரியரை ஸ்டேஷன் பெஞ்சிலேயே மறந்து வைத்துவிட்டான், கொஞ்ச தூரம் போனதும் பசித்தது, ரயிலைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான், தாய் ஏறிக்கொண்டாள் என்றேன் நான். வலையை இழுத்தோம். என் கைப்பக்கம் முதலில் வந்தது விரல் அளவு ஒரு காரப்பொடி. "காரப்பொடி எல்லாம் ஒரு மீனா மச்சான்!" என்று அவன் கத்தினான். இன்றுவரைக்கும் அந்தத் தீர்ப்பை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். ரயில் பின்னால் வந்துவிட்டது.

காலேஜ் ஹாஸ்டலுக்கு உன்னை ரயில் ஏற்றச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வந்தபோது, நீ சாப்பாட்டு டப்பாவை வேண்டுமென்றே பெஞ்சில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாய். நான் எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "வுடு நைனா, அது இங்கயே இருக்கட்டும். ரயிலு திரும்பி வரும்ல" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ரயில் போனபிறகு உன் அம்மாவும் நானும் அந்த பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் படம் கிடைத்துவிட்டது. முந்தாநாள் உன் அம்மா ஏதோ தேடும்போது அதன் முகப்புப் படம் டிவியில் வந்தது, செம்பைப் பார்த்ததும் நான் அடையாளம் கண்டுகொண்டேன். போட்டுப் பார்த்தோம். அதே ஸ்டேஷன், அதே ஓட்டம். இன்டர்நெட்டில் இடைவேளைக்கு விளக்கு போடுவதில்லை, அதுபாட்டுக்கு அடுத்த காட்சிக்குப் போக இருந்தது. நான் பாய்ந்து நிறுத்தச் சொன்னேன். "எந்திரிச்சிட்டே" என்றாள் உன் அம்மா. ஆமாம், எழுந்துவிட்டேன். இத்தனை வருஷம் எனக்கு அந்தக் குழந்தை அம்மா மடியில் பத்திரமாக இருக்கிறாள். இப்போது பட்டனை அமுக்கினால் வேறு மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது? வேறு நேரமாக இருந்தால் அமுக்கியிருப்பேன். நீ இப்படிப் படுத்திருக்கும்போது என்னால் முடியாது. "நீ பாத்திருப்பியேடி, இன்னா ஆவுது?" என்று அவளைக் கேட்டேன். "நான் சொல்ல மாட்டேன்" என்கிறாள். எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

அதனால் நீயும் அதைத் தேடாதே. இது என் கட்டளை இல்லை, நமக்குள் ஓர் ஒப்பந்தம். நீ உன் பிள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வா. டிவி அப்படியே அந்த இடத்தில் நிற்கும். ஏழுமலையையும் கூப்பிடுவோம், அவனுக்கும் தீர்ப்பு தெரியவேண்டும். எல்லாரும் உட்கார்ந்து, உன் பிள்ளையின் விரலாலேயே பட்டனை அமுக்கி மீதியைப் பார்ப்போம். எடுத்தவன் எப்படி எடுத்திருந்தாலும் சரி, உன் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நான் சொல்லப்போவது ரயில் பின்னால் வந்த கதையைத்தான். அதுவரைக்கும் நாரையைப் பார், பனிக் கிழவனைப் பார், ஓடத்தில் சண்டை போடுகிறவர்களைப் பார். கீழ்வீட்டுக்கார அம்மாவுக்கு உன் காலடி கேட்கக் கூடாது.

படத்தை நிறுத்திவைத்துக் காத்திருக்கும்,
உன் நைனா

அம்மா எழுதுவது: உன் நைனா டீ வாங்கப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதிவிடுகிறேன். அவருக்கு இது தெரிய வேண்டாம், பிள்ளையோடு வந்து பார்க்கும்போது நீயும் புதிதாகப் பார்ப்பது போல் இரு. நீ பயந்துகொண்டு கிடப்பாய் என்றுதான் சொல்கிறேன். அந்தப் படத்தில் குழந்தை கிடைத்துவிடுகிறாள். ரயில் திரும்பி வரவில்லை. தாய்தான் தண்டவாளத்தை ஒட்டிப் போய், ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கேட்டு, கடைசியில் ஒரு கேட்கீப்பர் வீட்டு வாசலில் குழந்தையைக் கண்டுபிடிக்கிறாள். குழந்தை முதலில் கேட்பது தண்ணீர்தான். செம்பில் தண்ணீர் இருக்கிறது. பிளாட்பாரத்தில் ஓடிய ஓட்டத்தில் பாதி சிந்திவிட்டது அல்லவா, அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. மீதி சிந்தக்கூடாது என்று, அவ்வளவு தூரமும் மெதுவாக நடந்தே போனாள்.